வாசகர் கேள்வி – பதில்: இடி மின்னல் பருவத்தில் ஆர்.வி. பயணம்

வசந்தம் பிறந்ததும் அமெரிக்காவில் வாழும் ஓய்வுபெற்ற வாசகர்களிடமிருந்து ஆர்.வி. (படுக்கையும் சமையலறையும் கொண்ட வீட்டு வண்டி) பயணம் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றுள் காற்று, இடி, வெள்ளம் பற்றிக் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நானும் என் மனைவியும் ஏழு கோடைக்காலங்கள் இத்தகைய வண்டியில் சுற்றியவர்கள். அந்த அனுபவத்தையும், அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை பொதுமக்களுக்குச் சொல்லிவரும் அறிவுரைகளையும் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 66, மனைவிக்கு 63. இருவரும் சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்று, 28 அடி நீளமுள்ள கிளாஸ் சி (நடுத்தர அளவு) வகை ஆர்.வி. ஒன்றை வாங்கியிருக்கிறோம். மே மாதம் மூன்றாம் வாரம் புறப்பட்டு மிசௌரி, ஓக்லஹோமா, டெக்சாஸின் வடகோடி வழியாக நியூ மெக்சிகோ சென்று, கொலராடோ, கன்சாஸ் வழியாகத் திரும்பத் திட்டமிட்டுள்ளோம். "அந்தப் பருவத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள், அப்பா" என்கிறாள் மகள். டொர்னாடோ (சூறைச் சுழல்காற்று) வந்தால் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் ஒதுங்கிக்கொண்டால் போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? (வாசகர், நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: மகள் சொல்வதில் பெரும்பகுதி சரி; நண்பர் சொல்வது முழுவதும் தவறு. நண்பரின் யோசனை உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1991 ஏப்ரலில் கன்சாஸ் சுங்கச் சாலையில் ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழுவினர் பாலத்தடியில் ஏறிப் பதுங்கி உயிர் தப்பிய காட்சி நாடெங்கும் ஒளிபரப்பானது. பாலத்தடி பாதுகாப்பானது என்ற எண்ணம் அதிலிருந்துதான் மக்கள் மனத்தில் வேரூன்றியது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவின் பிரிட்ஜ் கிரீக், மூர் ஊர்களைச் சிதைத்த டொர்னாடோ உள்ளிட்ட அன்றைய டொர்னாடோக்களின்போது அவ்வாறே பாலத்தடியில் ஒதுங்கியவர்களில் 3 பேர் மாண்டனர், பலர் படுகாயமுற்றனர். பாலத்தின் அடிப்பகுதி குறுகிய வழியாக இருப்பதால் காற்று அங்கே இன்னும் வேகமெடுக்கிறது. மேட்டில் ஏறிப் பதுங்குபவர் தரையில் இருப்பதைவிட வலுவான காற்றுக்குத் தம்மைக் கொடுக்கிறார். பறந்துவரும் மரக்கட்டைக்கும் தகரத்துக்கும் அங்கே தடையே இல்லை. இவற்றோடு, நான்கு வண்டிகள் பாலத்தடியில் நின்றுவிட்டால் பின்னால் வரும் நூறு வண்டிகள் தப்ப வழியின்றிச் சாலையிலேயே அகப்பட்டுக்கொள்ளும். உங்கள் நண்பரிடம் இதை அவசியம் சொல்லுங்கள். அவரும் ஒருநாள் அந்தச் சாலையில் போகக்கூடும்.

இனி உங்கள் வண்டியைப் பற்றி. உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் இருப்பதால் ஆர்.வி.யை வீடு என்று மனம் எண்ணிக்கொள்கிறது. மழை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவதுதானே வீட்டின் பயன் என்றும் தோன்றுகிறது. மெல்லிய அலுமினியச் சட்டத்தின் மீதோ மரச்சட்டத்தின் மீதோ ஃபைபர்கிளாஸ் தகடு போர்த்திய பெட்டி அது. அஸ்திவாரம் இல்லாதது, உயரமானது, பக்கவாட்டில் அகன்றது. ஆர்.வி. தொழிலின் தலைநகர் என்று சொல்லப்படும் இந்தியானாவின் எல்கார்ட் பகுதியிலேயே, 1965 ஏப்ரல் 11 குருத்தோலை ஞாயிறன்று, இரட்டைப் புனலாகச் சுழன்றுவந்த டொர்னாடோ மிட்வே என்ற டிரெய்லர் குடியிருப்பைச் சிதறடித்தது. உள்ளூர்ச் செய்தித்தாளின் புகைப்படக்காரர் பால் ஹஃப்மன் எடுத்த அந்தப் படம் இன்றும் வானிலை நூல்களில் இடம்பெறுகிறது. புறப்படும் முன் நீங்கள் இருவரும் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வண்டியை விட்டு இறங்கிப் போக வேண்டிய வேளை வரும்போது உங்கள் கால்கள் தயங்கக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

பருவத்தைப் பொறுத்தவரை, தெற்குச் சமவெளிகளான டெக்சாஸ், ஓக்லஹோமா, கன்சாஸ் பகுதிகளில் டொர்னாடோக்கள் உச்சத்தை அடைவது மே மாதத்திலும் ஜூன் முதல் வாரங்களிலும்தான். ஆகவே நீங்கள் எழுதியிருக்கும் வாரங்கள் அந்த வழிக்கு மிக மோசமானவை. செப்டம்பர் பிற்பகுதிக்கோ அக்டோபருக்கோ தள்ளிவைக்க முடியுமானால் தள்ளிவையுங்கள். நியூ மெக்சிகோவில் அப்போது வானமும் தெளிவாக இருக்கும். பேரப்பிள்ளைகளின் விடுமுறை போன்ற காரணத்தால் மே மாதமே போயாக வேண்டுமென்றால், நாளின் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சமவெளியின் கடுமையான இடிப்புயல்கள் பெரும்பாலும் பிற்பகலில் தரை சூடேறிய பிறகு எழுந்து, மாலை 4 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் வலுப்பெறுகின்றன. காலை 6 மணிக்குப் புறப்பட்டுப் பகல் 1 மணிக்குள், கான்கிரீட் கட்டடம் உள்ள முகாமுக்கு (ஆர்.வி.க்களை இரவு நிறுத்தித் தங்கும் இடம்) போய்ச் சேர்ந்துவிடுபவர்களுக்கு ஆபத்தின் பெரும்பகுதி விலகிவிடுகிறது. ஒருநாளைக்கு 250 மைல் போதும். ஓய்வுபெற்றவர்களிடம் நிறைய இருப்பது நேரம்தானே. அதைச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் உள்ள புயல் முன்கணிப்பு மையம் நாடு முழுவதற்கும் அன்றாடம் வரைபடம் வெளியிடுகிறது. அதில் ஆபத்து 1 முதல் 5 வரை எண்ணிட்டுக் காட்டப்படும். இரவு உணவுக்குப் பிறகு மறுநாள் வழியை அந்த வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். 3 அல்லது அதற்கு மேற்பட்ட எண் உங்கள் வழியில் விழுந்தால் அன்று புறப்படாதீர்கள் என்பது என் முடிவு. சிலர் 4 வரை துணிவார்கள், நான் அதை ஏற்பதில்லை.

முகாமுக்குள் நுழைந்ததும் அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, புயல் வந்தால் எங்கே போவது என்பதே. சில முகாம்களில் நிலத்தடி அறை உண்டு. பலவற்றில் கழிவறை, குளியலறை கொண்ட கான்கிரீட் கட்டடமே புகலிடம். டெக்சாஸின் வடகோடியில் 40ஆம் எண் நெடுஞ்சாலை ஓரம் மாநில அரசு கட்டிய ஓய்வு நிலையம் ஒன்று டொர்னாடோ புகலிடத்துடனேயே கட்டப்பட்டது. அந்த வழியில் போகும்போது அதை வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நடுச்சாலையில் அகப்பட்டுக்கொண்டால், நகரை நோக்கி ஓட்டித் தப்பிவிடலாம் என்று கடைசி நிமிடத்தில் முயலாதீர்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே 2.6 மைல் அகலத்துக்கு விரிந்த டொர்னாடோ வந்தபோது, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வண்டியை எடுத்ததால் நெடுஞ்சாலைகள் அசையாமல் நின்றுவிட்டன. டொர்னாடோக்களை ஆராய்வதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டிருந்த டிம் சமராஸ் தம் மகனோடும் சக ஆய்வாளரோடும் அன்று உயிரிழந்ததும் வாகனத்தில் சென்றபோதுதான். பக்கத்துப் பெட்ரோல் நிலையமோ லாரி நிலையமோ தென்பட்டால், அதன் உட்புறக் கழிவறைக்கோ குளிர்பதன அறைக்கோ போய்விடுங்கள். எதுவுமே இல்லையென்றால் சாலையைவிடத் தாழ்ந்த தரையில், வண்டியிலிருந்து விலகி, முகங்குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். மழைநீர் ஓடும் வடிகாலுக்குள் மட்டும் புகாதீர்கள். அதே மே 31 இரவு ஓக்லஹோமா சிட்டியில் அப்படிப் புகுந்தவர்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

கேள்வி: கைப்பேசியில் எச்சரிக்கை ஒலி வருகிறது. அது போதாதா? 'வாட்ச்', 'வார்னிங்' என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. (வாசகி, பிளேனோ, டெக்சாஸ்)

பதில்: வாட்ச் என்றால் சமையலுக்கு வேண்டியதெல்லாம் மேடையில் இருக்கிறது என்று பொருள், வார்னிங் என்றால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வாட்ச் அறிவிப்பு பல கவுன்டிகளை (மாநிலத்தின் உட்பிரிவுகளான மாவட்டங்களை) சேர்த்துப் பல மணி நேரத்துக்கு விடப்படுவது. வார்னிங் என்பது, டொர்னாடோ கண்ணால் காணப்பட்டதாலோ ராடாரில் சுழற்சி தெரிந்ததாலோ, சிறிய பகுதிக்கென உள்ளூர் வானிலை அலுவலகம் விடுவது. வீட்டில் இருப்பவர் வார்னிங் வந்ததும் உள்ளறைக்குப் போகலாம். ஆர்.வி.யில் இருப்பவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் போதாமல் போகலாம் என்பதால், வாட்ச் வந்தவுடனேயே இடம் மாறிவிட வேண்டும். பின்னால் சிறிய கார் ஒன்றை இழுத்துச் செல்பவர்கள் அதில் ஏறி அருகிலுள்ள நகரத்தின் கடைக்கோ நூலகத்துக்கோ போய் மாலையைக் கழித்துவிட்டு வரலாம்.

கைப்பேசி மட்டும் போதாது. சமவெளியிலும் மலைப்பள்ளத்தாக்கிலும் சிக்னல் இல்லாத நீண்ட தூரங்கள் உண்டு. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் இரவும் பகலும் ஒலிக்கும் வானிலை வானொலிக்குத் தனிக் கருவி கிடைக்கிறது. பாட்டரியில் இயங்கும் ஒன்றை வாங்கிப் படுக்கையருகே வையுங்கள். ஆனால் அந்த வானொலி எச்சரிக்கையைக் கவுன்டியின் பெயரால்தான் சொல்லும். டெக்சாஸில் 254 கவுன்டிகள், கன்சாஸில் 105. வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தாம் நிற்கும் கவுன்டியின் பெயர் தெரியாவிட்டால் வானொலி கத்தினாலும் பயனில்லை. நானும் மனைவியும் முகாமுக்குப் போனவுடன் அந்தக் கவுன்டியின் பெயரையும், அதற்கு மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள கவுன்டிகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவோம். புயல்கள் பெரும்பாலும் அந்தத் திசைகளிலிருந்தே வருகின்றன. தூக்கத்திலிருந்து விழித்தெழுபவருக்கு அந்தத் தாளின் அருமை தெரியும்.

கேள்வி: ஜூன் மாதம் யெல்லோஸ்டோன் போகிறோம். வயோமிங்கில் காற்று பலம் என்கிறார்கள். எத்தனை மைல் வேகம் வரை வண்டியை ஓட்டலாம்? (வாசகர், ஒமாஹா, நெப்ராஸ்கா)

பதில்: காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது என்பதை நினைவில் வைத்தால் விடை தானே கிடைக்கும். 28 அடி நீளமும் 10 அடி உயரமுமுள்ள பக்கச் சுவர் ஒன்றின் மீது மணிக்கு 30 மைல் வேகக் குறுக்குக்காற்று ஏறத்தாழ 650 பவுண்டு விசையைச் செலுத்துகிறது என்றால், 60 மைல் காற்று அதைப்போல் நான்கு மடங்கை, அதாவது சுமார் 2,600 பவுண்டைச் செலுத்துகிறது. வேகம் இரட்டிப்பானதால் ஆபத்தும் இரட்டிப்பாகும் என்று கணக்கிடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். திடீர்க் காற்று வீச்சுகள் மணிக்கு 40 மைலைத் தாண்டினால் நான் ஓட்டுவதில்லை. வண்டி வலது பக்கம் இழுக்கிறதே என்று இரண்டாம் முறை தோன்றினால் அதற்கும் முன்னதாகவே நிறுத்திவிடுவேன்.

நீங்கள் போகும் 80ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையில் எல்க் மலையை ஒட்டிய பகுதி மிகக் கடுமையானது. எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு மட்டும் அந்தச் சாலையை மாநிலம் மூடுவதுண்டு, அந்த அறிவிப்பு உங்களையும் சேர்த்துத்தான். லாரமியில் இரவு தங்கி, காற்று தணிந்திருக்கும் அதிகாலையில் அந்தப் பகுதியைக் கடந்துவிடுவது நல்லது. எங்காவது நிறுத்திக் காத்திருக்க நேர்ந்தால் வண்டியின் முகம் காற்றை நோக்கி இருக்கட்டும். வண்டியின் பக்கவாட்டில் வெளியே நீட்டிய அறைகளை உள்ளே இழுத்துவிடுங்கள்.

கேள்வி: மின்னலின்போது ஆர்.வி.க்குள் இருப்பது பாதுகாப்பானதா? (வாசகர், ராலி, வட கரோலினா)

பதில்: உலோகக் கூரையும் உலோகச் சுவரும் உள்ள வண்டி, சன்னல்களை மூடிவிட்டால், மின்னலை உடலின் வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்திவிடும். பாதுகாப்பு தருவது ரப்பர் டயர் அன்று, சுற்றியுள்ள உலோகம்தான். ஃபைபர்கிளாஸ் சுவர் உள்ள வண்டியில் அந்த உறுதி இல்லை. இடியோசை கேட்டால் கட்டடத்துக்கோ உங்கள் காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்து வெளியே வாருங்கள். முகாமின் மின்இணைப்பைப் புயல் வருமுன் கழற்ற வேண்டும், தலைக்கு மேல் இடிக்கும்போது அதைத் தொடக் கூடாது.

கேள்வி: ஆற்றங்கரை முகாமில் இடம் கிடைத்திருக்கிறது. நீரோசை கேட்டபடி தூங்க வேண்டுமென்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. மழை பெய்தால் வண்டியை நகர்த்திக்கொள்ளலாம் அல்லவா? (வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்)

பதில்: உங்கள் மனைவியின் ஆசை மிக இனிமையானது, அதனால்தான் இந்த விடையை எழுதக் கை கூசுகிறது. நகர்த்திக்கொள்ள நேரம் இருக்காது. 2010 ஜூன் 11 அன்று விடியுமுன் ஆர்கன்சா மாநிலத்து வாஷிட்டா தேசியக் காட்டிலுள்ள ஆல்பர்ட் பைக் முகாமில், லிட்டில் மிசௌரி ஆறு சில மணி நேரத்தில் 20 அடி அளவுக்கு உயர்ந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 20 பேரின் உயிரைக் கொண்டுபோனது. உங்கள் மாநிலத்திலேயே 2025 ஜூலை 4 விடியற்காலையில் குவாடலூப் ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி உயர்ந்ததாக அதிகாரிகள் கூறினர். கரையோரத்தில் நின்ற ஆர்.வி. வண்டிகள் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டன. இரண்டுமே இருளில் வந்தவை. மழை பெய்தது மேலே மலைப்பக்கம். கீழே படுத்திருப்பவருக்கு அந்த மழை சில வேளைகளில் தூறலாகக்கூடத் தெரியாது.

அந்த முன்பதிவை விட்டுவிடுங்கள். அதே முகாமில் மேட்டு வரிசையில் இடம் இருந்தால், வெளிச்சமுள்ள மாலையில் ஆற்றங்கரைக்கு நடந்துபோய் நாற்காலி போட்டு உட்கார்ந்து நீரோசை கேளுங்கள். இரவு மேலே வந்து தூங்குங்கள். சாலையின் மேல் நீர் ஓடினால் எவ்வளவு ஆழம் என்று பார்க்க இறங்கவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். ஓடும் நீர் ஓர் அடி இருந்தால் சிறிய கார் மிதந்துவிடும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் நல்ல ஓட்டுநர். நாற்பது ஆண்டுகளாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறேன், ஒருமுறைகூடப் பயந்ததில்லை. ஆர்.வி. வாங்கிய பிறகு, முகாமுக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்பதற்காகக் கொட்டும் மழையிலும் காற்றிலும் ஓட்டிக்கொண்டே போகிறார். நிறுத்தச் சொன்னால், "உனக்கு எப்போதும் பயம்தான்" என்கிறார். சென்ற கோடையில் நெப்ராஸ்காவில் இரண்டு மணி நேரம் கண்ணை மூடிக் கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஆண்டு வரமாட்டேன் என்று சொல்லிவிடலாமா? (வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: அம்மா, இந்த மாதக் கடிதங்களில் நான் பலமுறை படித்தது உங்களுடையதைத்தான். நீங்கள் பயந்தவர் அல்லர். நாற்பது ஆண்டுகள் பயப்படாதவர் இப்போது பயப்படுகிறார் என்றால் சூழ்நிலை மாறியிருக்கிறது என்றே பொருள். அவர் இத்தனை ஆண்டுகள் ஓட்டியது தாழ்வான கார். இப்போது ஓட்டுவது காற்றில் பாய்போல் நிற்கும் பெட்டி. அவருடைய திறமை குறையவில்லை, வண்டிதான் வேறு. இதை அவரிடம் குற்றச்சாட்டாக இல்லாமல், மேலே ஒமாஹா வாசகருக்கு எழுதிய கணக்கைக் காட்டியே சொல்லலாம். எண்களுக்கு அவர் செவிசாய்ப்பார் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். மேற்குக் கன்சாஸில் ஒரு ஜூன் மாலை, வெளியே விரித்திருந்த வெயில் மறைப்புத் துணியைச் சுருட்டி உள்ளே வைக்கும்படி என் மனைவி மூன்று முறை சொன்னாள். வானத்தின் நிறம் சரியில்லை என்றாள். எனக்கு அது வழக்கமான மேகமாகவே தெரிந்தது. முக்கால் மணி நேரத்தில் முகாமின் உரிமையாளர் கைவிளக்கோடு ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் தட்டி எல்லாரையும் கழிவறைக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார். ஏறத்தாழ முப்பது பேர் அந்தச் சிறிய அறையில் நின்றோம். ஆலங்கட்டி விழுந்த ஓசையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. டொர்னாடோ எங்களைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. திரும்பி வந்தபோது அந்தத் துணி கம்பிகளோடு பிய்ந்து கூரைமேல் கிடந்தது, கூரைத் துவாரங்களின் மூடிகள் எல்லாம் உடைந்திருந்தன. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவள் கண்டதை நான் காணவில்லை, காண முயலவும் இல்லை.

அன்றிரவு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இன்றுவரை நிற்கிறது. இருவரில் யார் "நிறுத்தலாம்" என்றாலும் அடுத்த வெளிவழியில் வண்டி நிற்கும். ஏன் என்று அப்போது கேட்கக் கூடாது, இறங்கித் தேநீர் போட்ட பிறகு பேசிக்கொள்ளலாம். "போகலாம்" என்பதற்கு இருவரின் சம்மதமும் வேண்டும், "நிற்கலாம்" என்பதற்கு ஒருவரின் சொல்லே போதும். முகாமுக்குக் கட்டும் பணத்தில் ஆண்டுக்கு நான்கு இரவுகள் வீணாகும் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதி வைத்துவிடுகிறோம். அப்படி எழுதிவிட்டால், மழைநாளில் அந்தப் பணம் மனத்தை இழுப்பதில்லை.

வரமாட்டேன் என்று சொல்வதற்கு முன், இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்து, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாக வீட்டில் அமைதியாக உட்கார்ந்து இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள். அவர் ஒப்புக்கொண்டால் மகிழ்ச்சியோடு போய்வாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், அம்மா, நீங்கள் வீட்டிலேயே இருப்பது தவறாகாது. அவரும் அந்த வண்டியைத் தனியாக எடுத்துப் போகக் கூடாது என்பதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.